பச்சை அன்ரியை உடைத்த கை

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. உன் நலம் எனக்குத் தெரியும். போன ஞாயிறு மத்தியானம் என் மேசையில் இருந்து மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டவன் நீ. என் நலம்தான் உனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வயதுப் பிள்ளைக்கு, அதுவும் அரை மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கிற பிள்ளைக்கு, ஒரு அம்மா கடிதம் எழுதுகிறாள் என்றால் ஒன்றில் அவளுக்கு மூளை பிசகிவிட்டது, இல்லாவிட்டால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு இரண்டாவது. போனில் சொன்னால் நீ பாதியில் புகுந்து "இற்ஸ் ஓகே அம்மா" என்பாய். உன்னுடைய அந்த ஓகேக்குப் பயந்துதான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னைக் காதில் பிடித்து இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்குத்தான் பலன். எழுத்துக்கூட்டி மெதுவாக வாசி. விளங்காத இடத்தை மெலனியிடம் கேட்காதே. நீ கட்டப்போகிற பெண் நல்ல பிள்ளைதான், ஆனால் அவளுடைய தமிழ் உன்னுடையதைவிட மோசம். என்னிடம் கேள்.

போன ஞாயிறு சாப்பிட்டு முடிந்ததும் "கண்ணை மூடுங்கோ அம்மா" என்றாய். மூடினேன். திறந்தபோது மேசையில் இசைத்தட்டுப் போடுகிற ஒரு புதுத் தட்டுப்பெட்டி, அதற்குப் பக்கத்தில் ஒரு தட்டின் உறையில் அந்தப் பாட்டுக்காரியின் படம். பச்சைச் சட்டை, மூடின கண், மைக்கைப் பிடித்த விரல்களில் ஒரு மோதிரம். பதினாறு வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தைக் கண்டேன். நீ ஊசியை வைத்தாய். முதல் பாட்டு முடிந்து இரண்டாவது பாட்டு. எங்கள் பழைய தட்டில் அந்தப் பாட்டின் நடுவில் ஒரு கீறல் இருந்தது, ஞாபகமா? பாட்டு அந்த இடத்தில் ஒரு துள்ளுத் துள்ளி அரை வரியை விழுங்கிவிட்டு ஓடும். நீ சின்னவயதில் அந்தத் துள்ளலோடுதான் பாடுவாய், பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு. புதுத் தட்டில் கீறல் இல்லை. அந்த இடம் வந்ததும் நீயும் நானும் ஒன்றாகத் துள்ளினோம், அவ மட்டும் துள்ளாமல் நிதானமாகப் பாடிக்கொண்டு போனா. இரண்டு பேரும் சிரித்தோம். எவ்வளவு நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தோம்.

அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "அவர் உடைச்சதை நான் திருப்பிக் கொண்டு வந்திட்டன் அம்மா. ரிசெப்ஷன்லை நீங்களும் நானும் ஆடுற மதர்-சன் டான்ஸுக்கு இதுதான். மற்றப் பக்கத்திலை மூண்டாவது பாட்டு." பருப்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு நான் குசினிக்குள் போனேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை, தம்பி. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் நின்றேன். உன் அப்பா அந்தத் தட்டை உடைக்கவில்லை. நான்தான் உடைத்தேன். கை தவறி அல்ல, இரண்டு கையாலும் பிடித்து வளைத்து உடைத்தேன். இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். மிச்சமெல்லாம் இதற்கு உரைதான்.

இதை இப்போது சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். கலியாணக் கார்ட்டில் என் பெயர் மட்டும் அச்சடித்தாயிற்று. கோயிலில் முன்வரிசை வாங்கில் எனக்குப் பக்கத்து இடத்தில் மாமா இருப்பார் என்று நீ ஒழுங்கு செய்துவிட்டாய். பிக்கரிங்கில் அத்தை வீட்டு பேஸ்மென்டில் இருக்கிற உன் அப்பாவுக்கு அழைப்புப் போகவில்லை. ஏன் என்று நான் ஒருமுறை மெல்லக் கேட்டபோது, "உங்களுக்கெண்டு இருந்த ஒரேயொரு சாமானையும் உடைச்ச மனுசன்" என்றாய். குடித்தது, கத்தியது, வீட்டை விட்டுப் போனது எல்லாவற்றையும் விட்டுவிட்டு நீ அதைத்தான் சொன்னாய். இன்னும் நான்கு கிழமையில் நீ பீடத்துக்கு முன்னால் நிற்கப்போகிறாய், என் பொய்யை நம்பி, உன்னைப் பெற்றவர் இல்லாமல்.

அந்தத் தட்டு எங்களிடம் வந்த கதையை நீ பாதிதான் அறிவாய். ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில், டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த கட்டடத்தில் அப்பாவுக்குத் துப்புரவு வேலை. மாசக் கடைசியில் ஆட்கள் வீடு மாறும்போது விட்டுப்போகிற சாமான்களைக் கீழே குப்பை அறைக்கு இறக்குவதும் அவர்தான். அப்படி ஒரு நாள் ஒரு பழைய தட்டுப்பெட்டியைக் கட்டில் சீலையால் மூடி, இரண்டு ஸ்பீக்கர்களோடு எலிவேற்றரில் மேலே கொண்டுவந்தார். நீ என் வயிற்றில் ஏழு மாதம். எனக்குப் பால்மா வாங்கிவரச் சொல்லி நான் கடைக்கு அனுப்பின மனுசன் பாட்டுப்பெட்டியோடு வந்து நிற்கிறாரே என்று எரிச்சல். "உதை என்னத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தனியள்?" என்றேன். "பிள்ளைக்கு" என்றார். உள்ளே ஒரேயொரு தட்டு இருந்தது, அவ பாடினது. அறுபதுகளில் பாடின அமெரிக்கக் கறுப்பினப் பெண் என்றும், கோயில் பாடகர் குழுவில் வளர்ந்தவ என்றும் பின்பக்கத்தில் இருந்ததை அப்பா எழுத்துக்கூட்டி வாசித்தார். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நீ பேசத் தொடங்கியதும் வைத்த பெயர்தான் எங்கள் வீட்டில் அவவுக்குப் பெயர், பச்சை அன்ரி.

எனக்கு அப்போது இங்கிலீசு என்றால் யெஸ், நோ, தாங்க்யூ. ஆனால் அந்தக் குரல் முதல் நாளே விளங்கியது. தவக்காலத்தில் எங்கள் கோயிலில் புலம்பல் படிப்போம். மாதா மகனை மடியில் கிடத்தி அழுகிற இடத்தை நான் நாலைந்து வருடம் படித்திருக்கிறேன். ஒரு சொல்லைப் பிடித்து, அதை விட மனமில்லாமல் மேலே கொண்டுபோய், அங்கே வைத்து மூன்றாக உடைத்து, மூச்சு முடிகிற இடத்தில் கீழே இறக்குவது. பச்சை அன்ரி அதையே செய்தா. இவவுக்கு யார் எங்கள் இராகத்தைச் சொல்லிக்கொடுத்தது என்று நான் உண்மையாகவே யோசித்தேன். முதல் மாரியில், அந்தப் பனிக்காலம் முழுக்க, அவ பாடுவதெல்லாம் செபம் என்று நினைத்து, இரண்டு பாட்டுக்கு நடுவில் சிலுவை போட்டும் இருக்கிறேன். சிரி, பரவாயில்லை. இரண்டாம் மாரியில் ஒரு வரி விளங்கியது, மூன்றாம் மாரியில் இன்னும் நாலு. ஒரு பெண் குசினியில் நின்றுகொண்டு, வராத ஒருவனுக்குச் சாப்பாட்டைச் சூடாக்கி வைத்திருக்கிறா என்று விளங்கியபோது உனக்கு மூன்று வயது. செபம் இல்லை என்று தெரிந்தும் எனக்கு அது செபமாகவே இருந்தது.

அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் கண் தானாக மூடுகிறது. வெளியே பனி கொட்டும், சத்தமே இருக்காது. பதினோராம் மாடியிலிருந்து பார்த்தால் றோட்டும் தெரியாது, எதிர்க் கட்டடமும் தெரியாது, எல்லாம் வெள்ளை. ஹீற்றர் முனகும். நீ என் மடியில் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. உள்ளே மட்டும் அவ பாடிக்கொண்டிருப்பா. நாங்கள் மூன்று பேரும் ஒரு வீட்டில் இல்லை, ஏதோ ஒரு வெள்ளைத் துணிக்குள் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறோம் என்று தோன்றும். நேரம் என்ன, இது எந்த நாடு, நாளைக்கு யாருக்கு என்ன வேலை, ஒன்றும் நினைவிருக்காது. தட்டு முடிந்து ஊசி வெறுமனே சுற்றுகிற சத்தம் வரும்போதும் எழும்ப மனம் வராது. அப்பாதான் எழும்பி மற்றப் பக்கம் போடுவார். எனக்கு வாழ்க்கையில் அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்க வராது. அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் வராது, உனக்கும் கொஞ்சம் அந்தக் குணம் இருக்கிறது. என்னோடு சண்டை பிடித்தால் ஒரு நாள், இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போய், இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டில் ஊசியை வைப்பார். முதலில் ஓர்கன் மட்டும் வரும், பிறகு அவ மூச்சு இழுக்கிற சத்தம், பிறகுதான் பாட்டு. அதுதான் அவருடைய மன்னிப்பு. நான் கோபம் தீர்ந்திருந்தால் தேத்தண்ணி ஊற்றி அவருக்குப் பக்கத்தில் வைப்பேன். தீராவிட்டால் வைக்க மாட்டேன், அவர் திரும்பவும் அதே பாட்டைப் போடுவார். ஒருமுறை ஐந்து தரம் போடவைத்தேன். நீ காதைப் பொத்திக்கொண்டு "அம்மா, ரீ குடுங்கோ, பிளீஸ்" என்று அழுதாய். நீ எல்லாம் மறந்துவிட்டாய், அந்தப் பாட்டு வந்தால் அம்மாவின் முகம் சந்தோசமாக இருக்கும் என்பதை மட்டும் மறக்கவில்லை. அதனால்தான் டான்ஸுக்கு அதைத் தெரிந்தெடுத்தாய். அது அவர் எனக்குப் போட்ட பாட்டு, தம்பி.

உனக்குப் பன்னிரண்டு வயதில், ஊரில் யுத்தத்தின் கடைசி நாட்களில், அப்பாவின் தம்பி, உன் சித்தப்பா, செத்துப்போன செய்தி வந்தது. மே மாதம், வெளியில் நல்ல வெய்யில். உடம்பு இல்லை, செத்தவீடு இல்லை, புதைத்த இடம்கூட இல்லை. ஒரு போன் மட்டும். சித்தப்பாவின் படத்தை வைத்து மெழுகுதிரி கொளுத்தினோம். பின்னேரம் ஐந்து மணிக்குக் கோயில் ஆட்கள் செபமாலை சொல்ல வருவதாக இருந்தது. அப்பா காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான் பக்கத்தில் போய் இருந்தேன், தோளைத் தொட்டேன். கையை மெல்ல எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டார். மூன்று மணிக்கு எழும்பிப் போய்த் தட்டைப் போட்டார். போட்டுவிட்டு நிலத்தில் இருந்து, ஸ்பீக்கரில் தலையை வைத்து, அழுதார். அப்படி ஒரு ஆம்பிளை அழுது நான் கண்டதில்லை. ஒரு பக்கம் முடிய மற்றப் பக்கம், அது முடிய முதல் பக்கம்.

துக்க வீட்டில் பாட்டுப் போடுவதா என்ற பயம் எனக்கு. முப்பத்தோராம் நாள் நினைவு முடியும்வரை ரேடியோவுக்கே துணி போட்டு மூடுகிற சனம் நாங்கள். "இஞ்சருங்கோ, ஆக்கள் வரப்போகினம், நிப்பாட்டுங்கோ" என்று மூன்று தரம் சொன்னேன். கேட்கவில்லை. கீழே வாசலில் பஸ்ஸர் அடித்தது. கோயில் அன்ரிமார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். நான் போய் ஊசியைத் தட்டிவிட்டுத் தட்டைத் தூக்கினேன். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். உறைக்குள் போட்டு அலுமாரியில் வைத்திருக்கலாம். ஆட்களுக்குப் பயந்துதான் செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். உண்மை அதுவல்ல. என் மடியில் அழாத மனுசன், என்னைத் தள்ளி வைத்துவிட்டு அவவிடம் போய் அழுதார். எனக்குப் பொறாமை. செத்துக் கிடக்கிறவரின் படத்துக்கு முன்னால் நின்று, ஒரு பாட்டுக்காரியில் பொறாமைப்பட்டு, அதை உடைத்தேன். சத்தம் பெரிதாக வரவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். மண்டியிட்டுத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனேன். அன்ரிமாரோடு நீயும் பள்ளிக்கூடப் பையோடு உள்ளே வந்தாய். நிலத்தில் அப்பா, கையில் உடைந்த துண்டுகள், என் கண்ணில் நீர். பார்த்தவர்கள் எல்லோரும் தாங்களாகவே கதையைக் கட்டிக்கொண்டார்கள், நீயும்தான். அதுகூடப் பரவாயில்லை, அதை நான் அன்றைக்கே அழித்திருக்கலாம். அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கேட்டாய்: "அப்பாதானே உடைச்சவர்?" அப்பா உனக்கு முன்னால் குந்தியிருந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் "ஓம்" என்றேன். அவர் நாடாவைக் கட்டி முடித்தார், மற்றக் காலையும் கட்டினார், எழும்பி வேலைக்குப் போனார்.

உன் அப்பாவைப் புனிதராக்க நான் எழுதவில்லை. அதன் பிறகு அவர் குடித்தது உண்மை. கத்தியது உண்மை. உன் எட்டாம் வகுப்புப் பட்டமளிப்புக்கு வராமல் விட்டது உண்மை. அதை நான் மன்னிக்கவில்லை, நீயும் மன்னிக்க வேண்டாம். ஆனால் எங்களுக்குள் சண்டை வந்தால் போடுவதற்கு ஒரு பாட்டு இருக்கவில்லை என்பதும் உண்மை. அவருக்கு இருந்த ஒரு வழியை நான் உடைத்துப்போட்டேன். வேறு வழி அவருக்குத் தெரியாது, எனக்கும் கற்றுக்கொடுக்கத் தெரியவில்லை. இரண்டு நாள் முகம் திருப்பியது இரண்டு மாதமாகி, பிறகு அவர் பிக்கரிங்குக்குப் போனார். கோயிலில் சனம் என்னை இரக்கமாகப் பார்த்தது. "பாவம், அந்தாளோடை எவ்வளவு காலம் சீவிச்சவ" என்றார்கள். அந்த இரக்கத்தையும் நான் சந்தோசமாக வாங்கிக்கொண்டேன். அதனால்தான் இதை உனக்கு மட்டும் சொல்லி முடிக்க முடியாது. நீ வாசித்த பிறகு கோயிலில் அச்சடிக்கிற மலருக்கும் ஒரு பிரதி கொடுக்கப்போகிறேன். பெயர் போடமாட்டேன். அன்ரிமாருக்குப் பெயர் தேவையும் இல்லை.

மெலனியோடு நீ எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நீ கேட்கலாம். இருந்தாலும் நான் அம்மா, சொல்லாமல் விடமாட்டேன். வீட்டில் எதையாவது உடைத்தால், பொழுது சாய முன்பு நான்தான் உடைத்தேன் என்று சொல்லிவிடு. அடுத்த நாள் காலையில் அது இரண்டு மடங்கு கஷ்டம். ஒரு வருடம் போனால் அது உன்னுடைய குணமாகவே ஆகிவிடும். அவள் வேறு எங்கேயாவது போய் அழுதால், அந்த இடத்தைப் பிடுங்காதே. எல்லாக் கண்ணீரும் உன் தோளில்தான் விழவேண்டும் என்று நினைக்காதே. நான் அப்படி நினைத்தேன். அவர் அழட்டும் என்று பக்கத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தால், அன்ரிமார் என்ன, ஆண்டவரே வந்து நின்றிருந்தாலும் விளங்கியிருக்கும்.

இதை எழுதுவதற்கு முதல் அப்பாவுக்குப் போன் எடுத்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு. "நான்தான்" என்றேன். "ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். நீ புதுத் தட்டு வாங்கி வந்ததைச் சொன்னேன், நீ சொன்னதையும் சொன்னேன், உனக்கு உண்மையை எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"சொல்லாதையும்" என்றார். "அவனுக்கு நம்பிறதுக்கு நீர் ஒராள்தான் இருக்கிறீர். அதையும் ஏன் அவனிட்டை இருந்து பறிக்கிறீர்?"

"அப்ப நீங்கள்?"

"எனக்குப் பழகிட்டுது."

அழுகை வந்தது, அதோடு கோபமும் வந்தது. ஒரு பொய்யைப் பதினாறு வருடம் இன்னொருவருடைய முதுகில் ஏற்றி வைத்திருக்கிறேன், அவர் அதை இறக்கி வைக்கவும் கேட்கவில்லை. இந்த மனுசன் ஒரு தரமாவது என்னைத் திட்டியிருந்தால் நான் எப்போதோ சொல்லியிருப்பேன். அவர் சொன்னதை நான் கேட்கவில்லை என்பது நீ இதை வாசிப்பதிலிருந்தே தெரியும். கோபப்படு, ஆனால் என்னில் கோபப்படு. முன்வாங்கில் எனக்குப் பக்கத்தில் யார் இருப்பது என்று நான் சொல்லமாட்டேன். அது உன் கலியாணம். மதர்-சன் டான்ஸுக்கு என்னைக் கூப்பிட மனம் வராவிட்டால், நான் மேசையில் இருந்துகொண்டு கை தட்டுவேன். முகத்தை நீட்டமாட்டேன், சத்தியம்.

போனை வைக்க முன்பு அவர் ஒன்று கேட்டார். கேட்கலாமோ என்று யோசித்து யோசித்துத்தான் கேட்டார் என்பது குரலில் தெரிந்தது.

"கலியாணத்துக்குத் தம்பி என்ன நிறத்திலை கோட் போடுறான்?"

எனக்குத் தெரியும். அளவெடுக்கும்போது கூட நின்றவள் நான். ஆனால் நான் சொல்லவில்லை. அதை நீதான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

அம்மா